மூணு அட்டை

வா தம்பி, உள்ள வா. செருப்பைக் கழட்டுறப்பவே காலையும் ஒரு தடவை குனிஞ்சு பாத்துக்க. கணுக்காலுக்கு மேல கருப்பா, ரப்பர் துண்டு மாதிரி ஏதாவது நெளியுதா? பதறாத. அட்டைதான். பிச்சு இழுக்காத. குடிக்கிறதைக் குடிச்சிட்டு அதுவா விழும். கூடலூருக்கு வர்ற விருந்தாளியை மொத ஆளா வந்து கட்டிப் புடிக்கிறது அதுதான். அதுக்கப்புறந்தான் எங்களுக்கெல்லாம் முறை.

தேத்தண்ணி குடி. சீனியை உள்ளங்கையில வச்சுக்க. ஒரு நக்கு, ஒரு மடக்கு. சிலோன் தோட்டத்துப் பழக்கம் இது. சிரிக்காத. நாளைக்கு இதுக்கே ஒரு பேரு வச்சு, மண் கோப்பையில ஊத்தி, முன்னூறு ரூபாய்க்கு விக்கிற ஆளுதான் நீ.

சரி, அந்தக் காகிதத்தைக் காட்டு. அட, கட்டம் கட்டமா போட்டிருக்கியே! போர்ச்சுகல்ல ஒரு மலைக் கிராமம். நியூசிலாந்துல ஒரு ஆட்டுப்பட்டி ஊரு. கனடாவுல ஏதோ ஏரிக்கரை. அது எதுவும் தோதுப்படலைன்னா நாலாவதா எங்க கூடலூரு. காத்துக்குப் பத்துக்கு ஒம்பது. இன்டர்நெட்டுக்கு ஆறு. 'வியூ'வுக்குத் தனியா ஒரு கட்டம். அமைதிக்குப் பத்துக்குப் பத்து. அமைதிக்கு எப்படிப்பா மார்க்குப் போட்ட? காதுல தராசு மாட்டியிருக்கியா?

நாடு விட்டு நாடு போயி ஒரு பட்டிக்காட்டுல குடியேறணும். இதுதானே ஒன் ஆசை? தப்பில்லை. அதை நான் அம்பது வருஷம் முன்னாடியே செஞ்சு முடிச்சவன். என்ன, எனக்கு யாரும் மார்க்குப் போடக் காகிதம் தரலை. எனக்கே மார்க்குப் போட்டாங்க.

எங்க பூட்டனைக் கண்டிச் சீமைக்குக் கூட்டிப் போனவன் ஒரு கங்காணி. தேயிலைத் தூரைத் தோண்டினா தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும்னானாம். பூட்டன் நம்பிட்டாரு. ஊருல பஞ்சம், நம்பாம என்ன செய்வாரு? போயி தோண்டினாரு. மூணு தலைமுறை தோண்டினோம். தேங்காயும் வரலை, மாசியும் வரலை. கங்காணி சொன்னதுக்கும் ஒன் கைபேசியில வர்ற பச்சைப் பசேல் படத்துக்கும் என்ன வித்தியாசம், சொல்லு பாப்போம். அவன் வாயால சொன்னான். இவன் ட்ரோனைப் பறக்க விட்டுச் சொல்றான்.

1948ல சிலோன்ல ஒரு சட்டம் போட்டாங்க. ஒரே ராத்திரியில நாங்க எந்த நாட்டுக்காரனும் இல்லைன்னு ஆகிப்போச்சு. அப்புறம் 1964 அக்டோபர் 30ஆம் தேதி நம்ம சாஸ்திரியும் அந்தப் பக்கம் சிறிமாவோ அம்மாவும் உக்காந்து ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. 9,75,000 பேரு கணக்கு. 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இலங்கைக்கு. மிச்சம் ஒண்ணரை லட்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்னு ஓரமா வச்சுட்டாங்க. 1974ல இந்திரா அம்மா வந்தாங்க. அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000ன்னு பாதிப் பாதியாப் பிரிச்சுக்கிட்டாங்க. கொழுந்தைத் தராசுல நிறுத்துக் கூடையில கொட்டுற மாதிரி. கொழுந்தைக் கேட்டா நிறுப்பான்?

எங்கப்பா இந்தியாவுக்குன்னு எழுதிக் குடுத்தாரு. தாய்நாடாம். பாத்திருக்காரா? இல்லை. எங்க தாத்தாவும் பாத்ததில்லை, அவரே அங்க ஒரு லயத்துக் காம்பராவுல பொறந்தவரு. பாக்காத ஊருக்குத் திரும்பி வந்த எங்களுக்குச் சர்க்கார் வச்ச பேரு 'தாயகம் திரும்பியோர்'. நல்லா இருக்கில்ல? நீயும் போர்ச்சுகல்ல எறங்கினதும் "தாயகம் திரும்பிட்டேன்"னு சொல்லிப் பாரு. கேக்கிறவன் மனநல டாக்டரு நம்பரைத் தருவான்.

1975ல வந்தோம். எனக்குப் பதினேழு வயசு. மலையில இருந்து தலைமன்னாருக்குப் போற ரயிலுக்கு எங்க சனம் வச்ச பேரு ஒப்பாரிக் கோச்சி. போறவனும் அழுவான், ஏத்திவிட வந்தவனும் அழுவான். எஞ்சின் ஊதுறதே கேக்காது. அப்புறம் கப்பலு, ராமேசுவரம், மண்டபம் முகாம். கையில குடும்ப அட்டை. இதுதான் தம்பி என் வாழ்க்கையில மொத அட்டை. அதுல எந்த ஊருக்குப் போறோம்னு எழுதியிருக்கும். எங்களுக்குத் துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஏன்னா பூட்டன் அங்க இருந்து போனாராம்.

போயி நின்னோம். சொந்தக்காரன்னு ஒருத்தரைக் காட்டினாங்க. அவரு எங்கப்பாவை மேல கீழ பாத்தாரு. மொதல்ல கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "பங்கு கேட்டு வந்தீங்களா?" அதோட சொந்தம் முடிஞ்சுது. வியாபாரக் கடன்னு அய்யாயிரம் ரூபா குடுத்தாங்க. கொழுந்து எடுக்கவும் கவ்வாத்து வெட்டவும் தெரிஞ்ச மனுசன்கிட்ட, வெயில்ல காயுற ஊருல, "கடை வையி"ன்னா? பெட்டிக்கடை வச்சாரு. மூணு மாசத்துல கடை போச்சு, பெட்டி மிஞ்சுச்சு. அந்தப் பெட்டியிலதான் நீ இப்ப உக்காந்திருக்க. ஆடாம உக்காரு.

அப்பத்தான் யாரோ சொன்னாங்க, நீலகிரியில தேயிலை இருக்குன்னு. எங்களை மாதிரி வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968ல சர்க்கார் இங்க தேயிலை போட ஆரம்பிச்சுது. 1976ல அதையே கழகமாக்கினாங்க. டான்டீன்னு போர்டு பாத்திருப்பியே, சேரங்கோடு, சேரம்பாடி, நெல்லியாளம் பக்கமெல்லாம்? எங்கப்பா இந்த மலையில எறங்கி, ஒரு தேயிலைச் செடியைக் கையால தடவிப் பாத்துட்டு, பல மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் சிரிச்சாரு. வியூ பாத்துச் சிரிக்கலை தம்பி. தனக்குத் தெரிஞ்ச வேலை இங்க இருக்குன்னு சிரிச்சாரு. ஒன் காகிதத்துல அதுக்குக் கட்டம் இருக்கா? போற ஊருல ஒன் கை என்ன வேலை செய்யும்? லேப்டாப்புங்கிற. சரி. ஆடி மாசம் கரண்டு மூணு நாள் போனா லேப்டாப்பை வச்சு என்ன செய்வ, அப்பளம் உருட்டுவியா?

ஏமாந்தவங்க நாங்க மட்டும்னு நினைக்காத. தொரைமாரும் ஏமாந்திருக்காங்க, எங்களை விடப் பெருசா. 1880ஐ ஒட்டி தேவாலா, பந்தலூர் மண்ணுல தங்கம் இருக்குன்னு ஒரு பேச்சு கெளம்புச்சு. ஆஸ்திரேலியாவுல தங்கம் பாத்த ப்ரஃப் ஸ்மித்னு ஒரு நிபுணர் வந்து, பாத்துட்டு, அறிக்கை எழுதினாரு. லண்டன்ல முப்பதுக்கு மேல கம்பெனி பதிவாச்சு. இந்த மலை எந்தத் திசைன்னு தெரியாதவனெல்லாம் பங்கு வாங்கினான். எஞ்சினு வந்துச்சு, பங்களா வந்துச்சு. தங்கம்? இருந்துச்சு தம்பி, பொய் சொல்லக் கூடாது. அதை எடுக்கிற செலவுக்கு அதை விட அதிகமாத் தங்கம் வேணும், அவ்வளவுதான். கொஞ்ச வருசத்துல எல்லாரும் மூட்டையைக் கட்டிட்டாங்க. குழி மட்டும் இன்னும் தேவாலாக் காட்டுக்குள்ள கெடக்கு. பாத்துப் போ.

அந்தத் தொரைமாருக்குத் தங்கம். ஒனக்கு மூடுபனி. ரெண்டையும் தூரத்துல இருந்து பாத்தாத்தான் மினுக்கும். கிட்ட வந்தா மூடுபனி என்ன செய்யும் தெரியுமா? துணி காயாது. பீரோவுல வச்ச சட்டைக்குப் பூஞ்சை புடிக்கும். தீப்பெட்டி நமுத்துப்போவும். நீ அதை 'மிஸ்டி மார்னிங்'னு படம் புடிச்சு அனுப்புவ. ஒன் சம்சாரம் ஜட்டியை அடுப்பு மேல காயப் போட்டுட்டு நிக்கும்.

எப்ப வந்த நீ? சித்திரையில. மே மாசம் ஊட்டியில மலர்க் கண்காட்சி, அதைப் பாத்துட்டு அப்படியே நடுவட்டம் வழியா எறங்கி வந்து கூடலூரையும் பாத்துட்டுப் போற. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல. நாங்க அதுல பாதிதான். அது வேற ஊரு, இது வேற ஊரு. அங்க ஸ்வெட்டரு, இங்க குடை. மேற்கால பாத்த சரிவு இது. ஆனி, ஆடியில அரபிக்கடல் மேகம் மொதல்ல வந்து முட்டுறது எங்க நெத்தியிலதான். தேவாலாவைத் தென்னாட்டுச் சிரபுஞ்சின்னு சும்மாவா சொல்றாங்க? பொண்ணு பாக்கப் போறவன் கல்யாண வீட்டுல பாப்பானா, கெணத்தடியில பாப்பானா? மலையை ஆடியில வந்து பாரு. அஞ்சு நாள் சூரியனே தெரியாம இருந்து பாரு. ஆறாம் நாளும் ஒனக்கு இந்த ஊரு புடிச்சிருந்தா, அப்ப பேசலாம்.

மழையில இன்னொண்ணும் பாத்துக்கணும். தண்ணி எந்த வழியாப் போவுதுன்னு. வெயில் காலத்துல ஓடைன்னே தெரியாது, புல்லு மூடி அழகா ஒரு பள்ளம் மாதிரி கெடக்கும். "அய்யோ, இயற்கை"ன்னு அதுக்குள்ள கொண்டுபோயி வீட்டைக் கட்டுவ. 2024 ஜூலை 30ஆம் தேதி விடியக்காலம் வயநாட்டுல முண்டக்கை, சூரல்மலைன்னு ரெண்டு ஊரை மண்ணு எறங்கி அடிச்சிட்டுப் போச்சே, அது எங்களுக்குப் பக்கத்து மலை. எங்களை மாதிரி தோட்டத்துச் சனமும் அதுல போச்சு. சாலியாறு நிலம்பூர் வரைக்கும் இழுத்துட்டு வந்த உடம்புகளை... வேணாம், அதைப் பத்தி நான் வேடிக்கையாப் பேச மாட்டேன். தேத்தண்ணி ஆறுது, குடி.

யானையைப் பத்திக் கேட்டியே. "தாத்தா, இங்க வைல்ட் லைஃப் பாக்கலாமா?" நீ பாக்க வேண்டியதில்லைப்பா. அது வந்து ஒன்னைப் பாத்துக்கும். பந்தலூர்ப் பக்கம் ஒரு மக்னா இருந்துச்சு. தந்தம் இல்லாத ஆண் யானை. வனத்துறை வச்ச பேரு பி.எம்.2. சனங்க வச்ச பேரு அரிசி ராஜா. சுவரை முட்டித் தள்ளி, அரிசிப் பானை எங்கன்னு கணக்கா எடுக்கும். ஆளும் செத்திருக்கு, சிரிக்கிற சங்கதி இல்லை. 2022 டிசம்பர்ல மயக்க ஊசி போட்டு, கழுத்துல ரேடியோப் பட்டை மாட்டி, முதுமலைக் காட்டுல கொண்டுபோயி விட்டாங்க. அது என்ன செஞ்சுச்சு? அந்த இடம் புடிக்கலை. நடந்தே எல்லை தாண்டி சுல்தான் பத்தேரி டவுனுக்குள்ள போயிருச்சு. 2023 ஜனவரியில கேரளாக்காரங்க புடிச்சு முத்தங்கா முகாம்ல கட்டிட்டாங்க. பாரு, இடம் மாத்திக் குடியேறுறதுல யானைக்கே இவ்வளவு சிக்கலு.

இன்னொரு யானைக் கதை, இது கோர்ட்டுக் கதை. மசினகுடி பக்கம் சீகூர். அங்க யானை போற வழின்னு 2010ல சர்க்கார் அறிவிச்சுது. அந்த வழியில ரிசார்ட்டுக்காரங்க. வருசக்கணக்குல வழக்கு. 2018ல பல ரிசார்ட்டுக்குச் சீல். 2020 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, வழி யானைக்குத்தான்னு. வக்கீலுக்கு யானை ஒத்தைக் காசு குடுக்கலை, ஒரு வாய்தாவுக்கும் வந்து நிக்கலை. ஜெயிச்சிடுச்சு. நீ காம்பவுண்டு சுவர் வைக்கிறதுக்கு முன்னால அந்தப் பக்கம் யாரு நடந்து போறாங்கன்னு விசாரி. மனுசன் நடந்தா சண்டைக்கு வருவான். அது சண்டைக்கெல்லாம் வராது, சுவரைத் தள்ளிட்டுப் போயிரும்.

"நிலம் மலிவா இருக்கே தாத்தா"ன்ன பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை. ஏன் மலிவுன்னு கேட்டியா? புரோக்கர் சொன்னானா? சொல்ல மாட்டான். நான் சொல்றேன்.

இந்தத் தாலுகா நிலம் ஒரு காலத்துல நிலம்பூர் கோவிலகம்ங்கிற ராஜ குடும்பத்தோட ஜன்மம், பரம்பரைச் சொத்து. 1969ல ஜன்ம ஒழிப்புச் சட்டம் போட்டாங்க. அதுல பதினேழாம் பிரிவுன்னு ஒண்ணு. குத்தகை எஸ்டேட்டு, அதுக்கு நடுவுல குடியேறினவன், எல்லாம் அந்தப் பிரிவுல மாட்டிக் கெடக்கு. பட்டா கேட்டா "பிரிவு 17". கரண்டு கேட்டா "பிரிவு 17". பேரப்புள்ளைக்குக் கல்யாணமே ஆகிருச்சு, பட்டா இன்னும் பொறக்கலை. இங்க ஒருத்தன் "ஏக்கரு இவ்வளவுதான்"னு கண்ணடிச்சான்னா, கையில பத்திரமா, பதினேழான்னு பாத்துக்க.

ஒன் சிநேகிதன் எவனாவது வக்கீலுக்குப் படிக்கிறானா? அவன்கிட்ட கேளு. நாடு பூரா அவங்க மனப்பாடம் பண்ற ரெண்டு பெரிய தீர்ப்பும் எங்க ஊர்ச் சரக்கு. ஒண்ணு கோயலோ வழக்கு. எங்க ஜன்மச் சட்டத்துல கெளம்பி, 2007 ஜனவரியில ஒம்பது நீதிபதி உக்காந்து, அரசியல் சாசனத்து ஒம்பதாவது அட்டவணையில போட்டுட்டா மட்டும் சட்டம் கேள்வி கேக்காம தப்பிக்க முடியாதுன்னாங்க. இன்னொண்ணு கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு. நிலம்பூர் கோவிலகத்துக்காரரேதான். கூடலூர்க் காட்டுல மரத்தை வெட்டுறாங்களேன்னு மனசு பொறுக்காம 1995ல உச்ச நீதிமன்றத்துல மனுப் போட்டாரு. 1996 டிசம்பர் 12ல உத்தரவு. காடுன்னா என்ன? அகராதியில என்ன அர்த்தமோ அதுதான் காடு, யாரு பேருல இருந்தாலும் சரின்னுட்டாங்க. நாடு முழுக்கக் காட்டுக்குள்ள இருந்த மர மில்லு அடங்கிப்போச்சு. எங்க ஊருல ஒரு மரத்தை வெட்டினதுக்கு இந்தியா பூரா வாள் நின்னுருக்கு. நீ என்னமோ வியூவை மறைக்குதுன்னு ஈட்டி மரத்தைக் காட்டி, "இதை எடுத்துரலாமா தாத்தா"ங்கிற. எடு. ஜாமீன் எடுக்க யாரு வருவான்னும் அந்தக் காகிதத்துல ஒரு கட்டம் போட்டுக்க.

என்னது, ஈகோ காட்டேஜா? மூங்கில், களிமண்ணு, புல்லுக் கூரை. ராத்திரிக்கு ஏழாயிரம். அடேயப்பா! நேரா பணியர் குடிக்குப் போயி நில்லு. அதே மூங்கில், அதே களிமண்ணு, காலங்காலமா. அங்க குடியிருக்கிற பழங்குடிக்காரரு என்ன செய்றாரு? சிமெண்டு வீடு வேணும்னு மனு எழுதிக் கையில புடிச்சுக்கிட்டு ஆபீசு வாசல்ல நிக்கிறாரு. ரெண்டு பேரும் இடத்தை மாத்திக்கிட்டா மனுச் செலவாவது மிச்சம். ஆனா மாத்திக்க மாட்ட. ஒன் களிமண்ணுக்குள்ள வெந்நீர்க் குழா ஓடும்.

போர்ச்சுகல்லுக்குப் போனாலும் இதுதான் தம்பி. அங்கயும் மழை வரும், அங்கயும் தண்ணிக்கு ஒரு வழி இருக்கும், அங்கயும் ஒருத்தன் பத்திரத்தை மறைச்சு வச்சுக்கிட்டு நிலத்தைக் காட்டுவான். அங்கயும் உள்ளூர்க் கிழவன் ஒருத்தன் திண்ணையில உக்காந்து ஒன்னைப் பாத்துச் சிரிப்பான். என்ன, அவன் பாஷை ஒனக்குப் புரியாது. அதனால மரியாதையாப் பேசுறான்னு நினைச்சுக்குவ.

அது கெடக்கட்டும். எனக்கு ஒரு விசயம் சொல்லு. நீ போற ஊருல ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சைப் புடிச்சுதுன்னா யார் வீட்டுக் கதவைத் தட்டுவ? இங்க பெரிய ஆசுபத்திரின்னா ஊட்டிக்கு ஏறணும், அம்பது கிலோமீட்டர் வளைவு. இல்லைன்னா பத்தேரிக்கு, கோழிக்கோட்டுக்கு எறங்கணும். மைசூர் பக்கம் பந்திப்பூர்க் காட்டு வழியில 2009ல இருந்து ராத்திரி ஒம்பதுல இருந்து காலையில ஆறு வரைக்கும் கேட்டு மூடியிருக்கும். ஆம்புலன்சை விடுவாங்க. ஆம்புலன்சு வரணுமே?

எனக்கு நாலு வருசம் முன்னாடி வந்துச்சு. தட்டினது பக்கத்துக் காட்டு சேட்டன் வீட்டுக் கதவை. வேலிக் கல்லு விசயத்துல அவருக்கும் எனக்கும் பதினோரு வருசமாப் பேச்சு கெடையாது. லுங்கியோட வந்து ஜீப்பை எடுத்தாரு. பின்னால என்னைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தது ஒரு பணியர் பையன், எங்க காட்டுல பாக்கு ஏறுறவன். வழி முழுக்க சேட்டன் என்னைத் திட்டிக்கிட்டே வந்தாரு, வேலிக் கல்லை நான்தான் நகட்டினேன்னு. நான் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டே இல்லைன்னு சொல்லிக்கிட்டு வந்தேன். பத்தேரி வரைக்கும் முழிச்சே இருந்ததுக்கு அந்தச் சண்டைதான் காரணம்னு டாக்டரே சொன்னாரு. திரும்பி வந்ததும் மறுபடி பேச்சு நின்னுபோச்சு. இன்னிக்கு வரைக்கும் பேசலை.

நகட்டினது நான்தான். அதை அங்க போயி சொல்லிறாத.

ரெண்டாவது அட்டை என்னன்னு கேக்கலையே நீ? ரேஷன் அட்டை. அது கிடைச்ச அன்னிக்குத்தான் எங்கம்மா, "இனி இது நம்ம ஊரு"ன்னுச்சு. மலை, மூடுபனி, அருவி எதையும் பாத்து அது அப்படிச் சொல்லலை. ரேஷன் கடையில வரிசையில நிக்கும்போது முன்னாடி நின்ன செட்டியாரம்மா, "சிலோன்காரி, பையைப் புடி, நான் போயி வெத்தலை வாங்கியாறேன்"னு இடத்தை விட்டுட்டுப் போச்சாம். நம்பி விட்டுட்டுப் போச்சுல்ல? அன்னிக்கு ராத்திரி எங்கம்மா ஒப்பாரிக் கோச்சியைப் பத்திப் பேசலை.

காலைப் பாரு. விழுந்துருச்சா? நல்லாக் குடிச்சிருக்கு. ரத்தம் நிக்காது, கொஞ்ச நேரம் வடியும், சுண்ணாம்பு தர்றேன், தடவிக்க.

அந்தக் காகிதத்தை மடிச்சு வை. ஆடி பொறந்து ஒரு வாரம் கழிச்சு வா. காட்டேஜெல்லாம் வேணாம், அந்த மேல் காம்பரா சும்மாத்தான் கெடக்கு. கொஞ்சம் ஒழுகும். ஒழுகுற எடம் எதுன்னு எனக்குத் தெரியும், கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கலாம். வர்றப்ப டவுன்ல ரெண்டு கிலோ உப்பு வாங்கிட்டு வா. கல்லுப்பா வாங்கு, பொடியுப்பு இந்த ஈரத்துல தண்ணியாப் போயிரும். ஒரு கிலோ ஒன் காலுக்கு. இன்னொரு கிலோவை வர்ற வழியில சேட்டன் வீட்டுல குடுத்துட்டு வா. நான் குடுத்தேன்னு சொல்லாத.